காய்ச்சல் இல்லாமலே வந்த கிருமித்தொற்று

என் இரண்டாவது குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைவதற்குள் சிறுநீரில் பாக்டீரியாத் தொற்று வந்து, அது ரத்தத்துக்கும் பரவிவிட்டது. உடம்பு சுடவே இல்லை. இன்று அவன் வீடு முழுக்க ஓடித் திரிகிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி விஷயத்தைத் தேடிப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மடியில் சுகமில்லாத குழந்தையை வைத்துக்கொண்டுதான் படிப்பீர்கள். உங்கள் குழந்தைக்கு மூன்று மாதம் ஆகவில்லை, உடம்பு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருக்கிறது என்றால் இப்போதே கிளம்புங்கள். பால் குடிப்பது பாதியாகக் குறைந்திருந்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், தொட்டால் சில்லென்று இருந்தாலும் அப்படியே. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அவன் 33 வாரத்தில் பிறந்தவன். பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியும் வலி வரவில்லை. பிறந்ததும் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். மூச்சுக்கு உதவி, நரம்பில் போட்ட குழாய், மூக்கு வழியாகப் பால் என்று சில வாரங்கள் போயின. எடை ஏறியதும் அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் எழுதியிருந்தது. அதைக் கொடுத்த சிஸ்டர் சொன்ன வார்த்தைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது: "இந்த பேப்பரைப் பையிலேயே வெச்சிருங்கம்மா. எங்க போனாலும் முதல்ல இதைக் காட்டுங்க, அப்புறமா மத்தத சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அவன் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒருநாள் காலையிலிருந்து பால் குடிக்க வாயை வைப்பான், நாலு இழுப்பு இழுப்பான், தூங்கிவிடுவான். உள்ளங்காலைத் தட்டினால் முகத்தைச் சுளிப்பான், மறுபடி தூங்குவான். மதியத்துக்குள் நனைந்த டயப்பர்களும் குறைந்துவிட்டன. கையும் காலும் சில்லிட்டிருந்தன, தொடையில் தோல் வலை போட்ட மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தது. தெர்மாமீட்டர் வைத்தால் 36-க்குக் கீழே காட்டியது. அழுகைகூட வழக்கமான அழுகையாக இல்லை, முனகல் மாதிரி இருந்தது. என் கணவர் மறுபடி அளந்தார். அதே எண்தான். "காய்ச்சல் இல்லையே" என்று அவர் சொன்ன அதே நேரத்தில் நான் பையை எடுத்துக்கொண்டிருந்தேன். பசித்தும் பால் குடிக்க முடியாத குழந்தைக்கு உள்ளே ஏதோ ஆகிறது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

அவசரப் பிரிவின் முன்மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் இருக்கா?" இல்லை என்றோம். உட்காரச் சொன்னார். அப்போதுதான் அந்தக் காகிதத்தை நீட்டி, ஒரே மூச்சில் சொன்னேன்: "ரெண்டு மாசம் ஆகலை, குறைமாசக் குழந்தை, ஐசியுவுல இருந்திருக்கான், காலைல இருந்து பால் குடிக்கலை, டெம்பரேச்சர் 36-க்குக் கீழ இருக்கு." பின்னால் நின்ற நர்ஸ் அதைக் கேட்டதும் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த வரிசையில் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிறேன். முதலில் வயது, அடுத்து பிறப்பில் இருந்த சிக்கல், அடுத்து இன்று என்ன மாறியிருக்கிறது. நாமாக யோசித்து வைத்திருக்கும் காரணங்களை (பல் முளைக்கிறதோ, வயிற்று வலியோ) அங்கே சொல்லவே வேண்டாம். கேட்கிறவரின் கவனம் அந்தப் பக்கம் போய்விடும்.

காய்ச்சல் ஏன் வரவில்லை என்று அன்று இரவு மருத்துவரைக் கேட்டேன். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் உடம்புக்கு வெப்பத்தைக் கூட்டிக் கிருமியை எதிர்க்கும் திறன் இன்னும் முழுமையாக வந்திருக்காது, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு, அதனால் சூடு ஏறுவதற்குப் பதிலாக இறங்கவும் செய்யும் என்று விளக்கினார். மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் தொற்றான மூளைக்காய்ச்சலிலும் இதே கதைதான். பெரிய பிள்ளைகளுக்குக் கழுத்து விறைக்கும், தலைவலி என்று வாயால் சொல்வார்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே மூளைக்காய்ச்சல் இருக்கலாம். உச்சிக்குழி புடைத்திருப்பது, கீச்சென்ற புது மாதிரி அழுகை, தூக்கினால் இன்னும் அதிகமாக அழுவது, வலிப்பு, வெறித்த பார்வை, இவையே அங்கே அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லும் அபாய அறிகுறிகளிலும் முன்வரிசையில் நிற்பது பால் குடிக்காமைதான். தூண்டினால் மட்டும் அசைவது, வலிப்பு, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொடுவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி பலமாகக் குழிவது, உடம்பு அதிகமாகச் சுடுவது அல்லது குளிர்ந்துபோவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. இதில் ஒன்று இருந்தாலும் போதும், எல்லாம் சேரும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இனி ஆபத்துக் காரணிகள். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் அம்மாக்களின் முகம் வாடுகிறது. தன்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுற்றியிருப்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்தது, பனிக்குடம் சீக்கிரம் உடைந்தது, இதிலெல்லாம் யாருடைய குற்றமும் இல்லை. இந்தத் தகவலின் பயன் வேறு: இந்தக் குழந்தையை எவ்வளவு சீக்கிரம் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்பதை, பதற்றம் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைக்க அது உதவுகிறது. என் மூத்தவள் நிறைமாதத்தில் பிறந்தவள். அவளுக்கு ஒரு வேளை பால் குறைந்தால் அடுத்த வேளை வரை பார்ப்போம். இவனுக்கு அப்படிப் பார்ப்பதில்லை என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்திருந்தோம்.

காரணங்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாயின் ரத்தத்திலிருந்து நோயெதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். அதற்குள் பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சேமிப்பு குறைவு. தோலும் மெல்லியது, கிருமி எளிதில் நுழையும். நரம்பில் குழாய், மூச்சுக்குழாய், மூக்குக்குழாய் என்று உயிரைக் காக்கப் போட்டவையே கிருமிக்கும் வழியாகின்றன. எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருப்பதும் தனி ஆபத்து. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிரசவமானால் கிருமி மேலேறிக் குழந்தையை அடையும் வாய்ப்பு கூடுகிறது. பிரசவ வலியின்போது அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா, கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று வந்ததா என்று மருத்துவர்கள் துருவித் துருவிக் கேட்பதும் இதற்காகத்தான்.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் குடலிலோ பிறப்புறுப்பிலோ அது எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். பிரசவத்தில் குழந்தைக்குப் போனால் சிலருக்கு ரத்தத்தொற்றாகவும் மூளைக்காய்ச்சலாகவும் மாறும். அது இருப்பது தெரிந்தால் பிரசவ வலியின்போது நரம்பு வழியாக பென்சிலின் போடுவார்கள், முதல் வாரத்தில் வரும் நோயை அது வெகுவாகக் குறைக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதம் வரைக்கும் வரக்கூடிய நோயை அந்த ஊசி தடுப்பதில்லை. "பிரசவத்திலேயே ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் மகனுக்கு வந்தது ஈ.கோலை. குடலில் எல்லோருக்கும் இருக்கிற கிருமிதான், சிறுநீர்ப் பாதையில் ஏறினால் தொற்று. பிறந்த முதல் சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வருகிறது, பிறகு பெண் குழந்தைகளுக்கு அதிகமாகிறது. சின்னக் குழந்தைகளுக்கு எரிச்சலோ கடுப்போ சொல்லத் தெரியாது. காரணம் தெரியாத காய்ச்சல், வாந்தி, எடை ஏறாமை, இழுத்துக்கொண்டே போகும் மஞ்சள் காமாலை, இப்படித்தான் வெளியே தெரியும்.

பரிசோதனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரை ஒரு சின்னக் குழாய் விட்டு எடுத்தார்கள். பார்க்கவே மனது தாங்கவில்லை, ஒட்டும் பையில் பிடித்தால் போதாதா என்று கேட்டேன். பையில் பிடித்த சிறுநீரில் தோலில் இருக்கும் கிருமிகளும் கலந்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எது வளர்ந்தாலும் நம்ப முடியாது, தேவையில்லாத சிகிச்சைக்கும் அது வழி வகுக்கும் என்றார் மருத்துவர். அடுத்து முதுகிலிருந்து நீர் எடுக்கச் சம்மதம் கேட்டார்கள். இந்த இடத்தில் நிறையப் பெற்றோர் மறுத்துவிடுகிறார்கள், எங்களுக்கும் கை நடுங்கியது. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகும், சில சொட்டுகள்தான் எடுப்பார்கள், அந்த நீரை உடம்பு தானே மறுபடி சுரந்துகொள்ளும் என்று அவர் படம் வரைந்து காட்டினார். எனக்குத் தெளிவு தந்தது அவர் சொன்ன அடுத்த விஷயம்: மூளைக்காய்ச்சல் இருந்தால் மருந்தின் அளவு வேறு, கொடுக்கும் நாட்களும் அதிகம், பின்னால் காது கேட்பதையும் வளர்ச்சியையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். தெரியாமல் விட்டால் அரைகுறைச் சிகிச்சையில் போய் முடியும். கையெழுத்துப் போட்டோம். நீர் தெளிவாக இருந்தது, மூளைக்குப் போகவில்லை.

ரத்தம் எடுத்த கையோடு முதல் ஆன்டிபயாடிக் போய்விட்டது. எந்தக் கிருமி என்று தெரியாமலே மருந்தா என்று உறவினர் ஒருவர் போனில் கேட்டார். இந்த வயதில் முடிவு வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. வழக்கமாக வரக்கூடிய கிருமிகளைக் கணக்கில் கொண்டு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆரம்பிப்பார்கள். கல்ச்சரில் கிருமி வளர்வது பெரும்பாலும் ஒன்றரை நாளுக்குள் தெரிந்துவிடும். வளர்ந்தால் எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்து மாற்றுவார்கள், ஒன்றும் வளராமல் குழந்தையும் தேறியிருந்தால் நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கு வளர்ந்தது, முதலில் கொடுத்த ஒரு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தது. கல்ச்சர் எடுக்காமல் ஊசியை மட்டும் போட்டிருந்தால் அது தெரிந்திருக்காது. அதனால் இப்போது யாராவது கைக்குழந்தைக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று சொன்னால், கல்ச்சர் எடுத்தாச்சா என்று மரியாதையாகக் கேளுங்கள் என்கிறேன். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபப்படமாட்டார்.

மீந்துபோன ஆன்டிபயாடிக் சிரப்பை வீட்டில் வைத்திருந்து அடுத்த சளிக்குக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சளி, இருமல், பெரும்பாலான தொண்டைவலி எல்லாம் வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அரைகுறை அளவில் கொடுத்தால் உண்மையான பாக்டீரியாத் தொற்று மறைந்திருந்து கல்ச்சரில் பிடிபடாமல் போகும், எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளும் பெருகும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் மருந்தைக்கூட மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சூடு இறங்கிவிட்டால் நாமும் ஏமாந்துபோவோம்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் கதை வேறு. மூத்தவளுக்கு மூன்று வயதில் நிமோனியா வந்தது. சளிக்காய்ச்சல் வந்து, குறைந்து, விளையாட ஆரம்பித்தாள். பிறகு மறுபடி நல்ல காய்ச்சல். வைரஸ் காய்ச்சல் சரியாகி வரும்போது இப்படித் திரும்பக் காய்ச்சல் ஏறினால் அது பாக்டீரியா பின்தொடர்ந்து வந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஃப்ளூ, தட்டம்மை, சின்னம்மைக்குப் பிறகு இதைக் கவனிக்க வேண்டும். அவளுக்கு நான் மூச்சை எண்ணினேன். குழந்தை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது, சின்னக் குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடமாட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. நெஞ்சு உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், கிளம்பிவிட வேண்டும்.

எந்த வயதானாலும் தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் வந்து காய்ச்சலும் இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். புள்ளி மறையாமல் அப்படியே தெரிந்தால் மூளைக்காய்ச்சலைத் தரும் மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் இருக்கலாம். அது மணிக்கணக்கில் முற்றும் நோய். கறுத்த தோலில் புள்ளி எளிதில் தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய வெளிர் இடங்களைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வளர்ந்த பிறகும் சில ஆபத்துகள் தொடரும். மண்ணீரல் இல்லாத குழந்தைகள், சிக்கிள்செல் என்ற பரம்பரை ரத்த நோயால் மண்ணீரல் வேலை செய்யாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுப்பவர்கள், இவர்களுக்குக் காய்ச்சல் என்றால் அது எப்போதும் அவசரம்தான். மிகவும் மெலிந்துபோன, ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்குக் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் பிள்ளைக்கு மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், பலர் இதை யோசிப்பதே இல்லை. காதில் அடிக்கடி சீழ் வரும் குழந்தையின் வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா, படுத்தபடி பாட்டில் பால் குடிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டது அதிகமில்லை. குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவுவது, வருகிற எல்லோருக்கும், தாத்தா பாட்டிக்கும் சேர்த்துத்தான். இருமல் இருக்கிறவர்கள் பக்கத்தில் வருவதில்லை. பெரியவர்களுக்கு நாட்பட்ட இருமலாக மட்டும் தெரியும் கக்குவான், சின்னக் குழந்தைக்கு இருமலே இல்லாமல் மூச்சை நிறுத்திவிடக்கூடியது. தொப்புள்கொடி விழும்வரை உலர்வாக வைத்தோம், மருத்துவர் சொல்லாத எதையும் தடவவில்லை. சுற்றிலும் சிவந்து நாற்றமடித்தால் அதுவும் அவசரம்தான். என் பால் போதாத நாட்களில் பால்பவுடர் தேவைப்பட்டது. பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை என்பதே எனக்குப் புதிய செய்தி. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் உயிரோடு இருக்கலாம், குறைமாதக் குழந்தைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்து உடனே கொடுக்க வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வயது வரை தேனும் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியாவின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கவைக்கும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் வேலை இருந்தது. சிறுநீரகங்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறோ அடைப்போ இருந்தால் தொற்று மறுபடி வரும் என்பதால். கொடுத்த மருந்துகளில் ஒன்றான ஜென்டாமைசின் காது நரம்பைப் பாதிக்கக்கூடியது, தீவிர சிகிச்சையில் இருந்ததும் சேர்ந்ததால் செவித்திறன் பரிசோதனையும் செய்யச் சொன்னார்கள். இரண்டும் சரியாக இருந்தன. டிஸ்சார்ஜ் நாளில் யாரும் நினைவுபடுத்தாவிட்டால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய பரிசோதனை இது, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைக்குக் கண்டிப்பாக.

தடுப்பூசிதான் இன்னும் பலர் குழம்பும் இடம். குறைமாதக் குழந்தை என்பதால் தேதியைத் தள்ளிப்போடலாம் என்று நிறையப் பேர் எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். வளர்ச்சியைப் பார்க்கத்தான் குறைந்த வாரங்களைக் கழித்து வயது பார்ப்பார்கள். தடுப்பூசிக்குப் பிறந்த தேதியே கணக்கு. ஹெபடைட்டிஸ் பி முதல் தவணையில் மட்டும் எடையைப் பார்த்து மருத்துவர் மாற்றம் செய்யலாம். மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரும் பாக்டீரியாக்களுக்கான ஹிப், நியுமோகாக்கல் ஊசிகளும் கக்குவான் ஊசியும் எந்த நோய்களைத் தடுக்கின்றனவோ, அந்த நோய்கள் மிகக் கடுமையாகத் தாக்குவது இந்தக் குழந்தைகளைத்தான். ஆஸ்பத்திரியில் இருந்ததால் விட்டுப்போன தவணையை, மருத்துவர் சரி என்று சொன்ன அன்றே போட்டுக்கொண்டு வந்தோம். அடுத்த தவணையின் தேதியை அதே காகிதத்தின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டோம்.